அடியில் வைத்த தாள்

நம் காலேஜ் பிரின்சிபால் அறை வாசலில் ஒரு மர ஸ்டூல் கிடக்கிறது. அதில் இப்போது உட்காருகிறவர்களுக்கும், இனிமேல் உட்காரப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருசம் அது என் இடம். ஒரு கால் கொஞ்சம் கட்டை. பழைய காலண்டர் அட்டையை நாலாக மடித்துக் கீழே வைத்தால் ஆடாது. அந்த அட்டையைக் கூட்டும்போது எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான். ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் பொறுமை இல்லாமல் தாளை வாங்கி வாசித்துவிடுவார். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் கிளார்க் எழுதுகிறார். அலுவலக உதவியாளர் என்று போடவா, அட்டெண்டர் என்று போடவா என்று கேட்டார். அட்டெண்டர் என்றே போடச் சொன்னேன். பேர் மாறினால் வேலை மாறிவிடாது.

பெல் அடிப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் சர்க்குலரை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. தாளை என்ன செய்வது என்பதுதான் வேலை. வெளியிலிருந்து ஒரு தாள் நம் கைக்கு வருகிறது. அதை உள்ளே மேசைக்குக் கொண்டுபோகிறோம். நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் நாம்தான் ராஜா.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எனக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்த பெரியவர். சிகரெட் கிடையாது, பொடி கிடையாது, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். முதல் வாரமே அவர் சொன்னது, “தாளைப் பாக்காத. மொகத்தைப் பாரு.” பிரின்சிபால் முகம் நன்றாக இருந்தால் எந்தத் தாளையும் வைக்கலாம். முகம் சரியில்லை என்றால் நல்ல தாள்களை மேலே வைத்து, கோபம் வரவைக்கும் தாளை அடியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் டீ குடித்த பிறகு அதை மேலே எடுக்க வேண்டும்.

லேப் உதவியாளர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஆறு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து நிர்வாகத்திலிருந்து போன் வந்து, உள்ளே ஒரே சத்தம். பெரியவர் அந்தத் தாளை அடியில் தள்ளினார். மறுநாள் பதினொரு மணிக்கு மேலே வைத்தார். கேள்வியே இல்லாமல் கையெழுத்தாகி வந்தது. நான் அசந்துபோனேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு இந்த வித்தையில் அவரையே தாண்டிவிட்டேன் என்று சொல்லலாம். டீச்சர்களே என்னிடம் வந்து, “பேச்சியம்மா, இன்னைக்கு வைக்கலாமா, நாளைக்கு வைக்கலாமா?” என்று கேட்டார்கள். பட்டம் வாங்கியவர்கள் மூன்றாம் வகுப்புக்காரியிடம் கேட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் வேலையை விட்டு வருவதற்கு இரண்டு வருசம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜமீலா மேடம் என்று வரலாறு டீச்சர் ஒருவர் இருந்தார். உத்தமபாளையத்துப் பிள்ளை. தற்காலிக வேலை, வருசா வருசம் ஆர்டர் புதுப்பிக்க வேண்டும். சின்ன வயசு, பேச்சு மெதுவாக இருக்கும். அவர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊர் கிராம சபைக்குப் போக வேண்டும். சும்மா உட்கார்ந்துவிட்டு வரக் கூடாது, ஊருக்கு வேண்டியது ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டது என்ன ஆனது என்று வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். சபை சுதந்திர தினத்தன்று பகல் பதினொரு மணிக்கு.

இங்கேதான் சிக்கல். அதற்கு முந்தின வருசம் கொடியேற்றத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நிர்வாகம் பிரின்சிபால் அம்மாவிடம் விளக்கம் கேட்டிருந்தது. அதனால் இந்த வருசம் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும், நிகழ்ச்சி முடிகிறவரை இருக்க வேண்டும், அட்டெண்டன்ஸ் எடுக்கப்படும் என்று சர்க்குலர். வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோனவள் நான்தான்.

பதிமூன்றாம் தேதி காலையில் ஜமீலா மேடமும் முத்துச்செல்வி என்ற பிள்ளையும் ஒரு தாளோடு வந்தார்கள். பதினோரு பிள்ளைகள் கையெழுத்து. ஊர் கிராம சபைக்குப் போக வேண்டும், அதனால் கொடியேற்றத்துக்கு வராமலிருக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது.

முத்துச்செல்வியை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் வருசம். தினமும் லேட்டாக வந்து, லேட் சிலிப்புக்காக என் ஸ்டூல் பக்கத்தில் நிற்பாள். “ஏத்தா, ஊருல எல்லாருக்கும் ஓடுற பஸ்ஸு ஒனக்கு மட்டும் ஓடாதா?” என்று ஒரு நாள் திட்டினேன். காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினாள். செருப்பு முழுக்கத் தோட்டத்துச் சகதி.

ஓடைப்பட்டிப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அவளுடையது. முன்னே காலையில் ஒரு டவுன் பஸ், சாயந்திரம் ஒரு டவுன் பஸ் ஊருக்குள்ளேயே வந்து திரும்பும். குடிதண்ணீர்க் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியபோது பஸ் நின்றது. ரோடு போட்டாகிவிட்டது, பஸ் வரவில்லை. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். சாயந்திரம் அதே வழியில் இருட்டுகிற நேரத்தில் திரும்பிப் போக வேண்டும். அவளோடு நடந்த இன்னொரு பிள்ளையைப் பெற்றவர்கள் படிப்பிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். இவளுடைய அப்பா மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போய் வாரம் ஒரு தரம் வருகிறவர். அவரும் சொல்லிவிட்டார், பஸ் வந்தால் படி, இல்லையென்றால் இந்தப் பரீட்சையோடு நின்றுகொள் என்று. பஸ் டிப்போவில் போய்க் கேட்டதற்கு, கிராம சபைத் தீர்மானம் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

அன்று காலையில் நிர்வாகத்திலிருந்து இன்னொரு கடிதம். வருகை குறைந்தால் பொறுப்பு உங்களுடையது என்று. உள்ளே போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கையில் கொடியேற்றத்துக்கு வர மாட்டோம் என்கிற தாள். வைத்தால் கிழித்தே போட்டுவிடுவார், ஜமீலா மேடத்தின் ஆர்டருக்கும் ஆபத்து என்று என் மனசு கணக்குப் போட்டது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து தாளெல்லாம் படபடத்தது. அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் அடியில் செருகி, மேலே பேப்பர் வெயிட்டை வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைப்பு.

மறுநாள் டீக்கு முன்னாலேயே அம்மா மதுரைக்கு மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார். ஜமீலா மேடம் வந்து கேட்டார். “மேசைக்குப் போயிருச்சு மேடம்” என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. தற்காலிக டீச்சர் அதற்கு மேல் என்ன கேட்பார்? தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினைந்தாம் தேதி கொடியேற்றினார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்குக் காற்று உங்களுக்குத் தெரியும், கொடி ஒரு நிமிசம் நிற்கவில்லை. நான் மிட்டாய்த் தட்டோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். முத்துச்செல்வி மிட்டாயை வாங்கிப் பிரிக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஆயாம்மா, எங்க தாளுக்கு அம்மா மாட்டேன்னுட்டாகளா?”

ஆமாத்தா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அம்மா மேல் ஒரு பழி, அவ்வளவுதான். பிரின்சிபால் என்றால் பிள்ளைகள் நாலு திட்டுத் திட்டத்தான் செய்வார்கள். ஆ என்று வாயைத் திறந்தும்விட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் இல்லை. பதில் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அந்த முகத்தில். முகம் பார்க்கிற வேலையில் முப்பது வருசம் இருந்தவள் நான். அந்த முகத்துக்கு எதிரே என்னால் அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை.

தட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தேன். மணி ஒன்பதே கால். அடியிலிருந்த தாளை உருவிக்கொண்டு நேரே மேடைக்குப் போனேன். சிறப்பு விருந்தினர் இன்னும் பேசவில்லை. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன்.

வாசித்தார். எழுந்து மேடையின் ஓரத்துக்கு வந்தார்.

“இது எப்ப வந்தது?”

“முந்தாநேத்தும்மா.”

“எங்க இருந்துச்சு?”

“அடியில.”

“யார் வச்சது?”

“நான்தேன். உங்க மொகம் சரியில்ல. நீங்க வேணாம்பீகன்னு நெனச்சேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா சொல்ல வேண்டியது நான், பேச்சியம்மா. எனக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க.”

தாளின் மேல் கையெழுத்துப் போட்டார். மைக்கைப் பிடித்து, ஊர் கிராம சபைக்குப் போக வேண்டிய மாணவிகள் இப்போதே கிளம்பலாம், அவர்களுக்கு வருகை உண்டு என்று சொன்னார். முதலில் யாரும் அசையவில்லை. அது மெய்யா சோதனையா என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம். பிறகு முத்துச்செல்வி எழுந்தாள். அப்புறம் அந்தப் பத்துப் பேர். அப்புறம் கையெழுத்தே போடாத பிள்ளைகளும் எழுந்தார்கள். நடு வரிசை மூன்று காலியாகிவிட்டது. இளைஞர்கள் நாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பேச வந்திருந்த விருந்தினர், பேச்சுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன், முதலில் கை தட்டியவர் அவர்தான்.

ரோட்டோரத்து ஊர்க்காரப் பிள்ளைகளை ஜமீலா மேடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குக் கேள்வித்தாள் ஏற்றுகிற வேன் போகட்டும் என்றார் அம்மா. என்னையும் பார்த்தார். “நீங்களும் போங்க. நீங்க அடியில வச்சது என்னன்னு பாத்துட்டு வாங்க.”

வழியில் ஒவ்வொரு பிள்ளையாக இறங்கியது. கடைசியில் முத்துச்செல்வி மட்டும். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“எம் மேல கோவமாத்தா?”

“இல்ல ஆயாம்மா. பேசப் போறதைச் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

பள்ளிக்கூட வராந்தாவில் சபை. முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் பஞ்சாயத்து நோட்டில் பார்த்தால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் வீட்டு வாசலிலும் முன்கூட்டியே வாங்கிவைத்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். பஞ்சாயத்து கிளார்க் நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். கையெழுத்துப் போடத் தெரியும் என்ற பெருமையில் நானும் வருசா வருசம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதில்லை.

முத்துச்செல்வி எழுந்து பஸ் விஷயத்தைச் சொன்னாள். முதல் இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவது வரியில் தடுக்கி நின்றாள். நாலு பேர் கூடுகிற இடத்தில் என் சத்தம்தான் எப்போதும் முதலில் கேட்கும். ஆனால் இது என் ஊர் இல்லை, இங்கே பேச எனக்குப் பாத்தியம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். அவளுடைய அப்பா பின்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொம்பளைக போற ஓசி பஸ்ஸுக்குத் தீர்மானம் வேறயா? நல்லாப் படிக்க வச்சாங்கப்பா காலேசுல” என்றார் ஒருவர்.

திராட்சைத் தோட்டத்துக்குக் கொத்து வெட்டப் போகிற பெண் ஒருத்தி உடனே திரும்பினாள். “நீரு காசு குடுத்துப் போற பஸ்ஸு மட்டும் தெனம் வாசல்ல வந்து நிக்குதாக்கும்? எம் மகளையும் நிப்பாட்டிட்டேன். பேசட்டும் விடும்.”

முத்துச்செல்வி பேசி முடித்தாள். பஞ்சாயத்து கிளார்க் நோட்டை மூடப் போனார்.

“சொல்லிட்டேல்ல தாயி, எழுதிக்கிறேன். போயி உக்காரு.”

“எழுதுங்கண்ணே. நிக்கிறேன்.”

“அதெல்லாம் அப்புறம் எழுதுவோம்.”

“எழுதி வாசிச்சுக் காட்டுனாத்தேன் தீர்மானம்னு எங்க மேடம் சொன்னாக. நான் நிக்கிறேண்ணே.”

நின்றாள். வராந்தாவே பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் அம்மா விசிறிக்கொண்டிருந்த நோட்டீசைக் கீழே வைத்து, “எழுதும்யா கிளார்க்கு. அந்தப் பிள்ளை போகாது போல. வெயில் ஏறுது” என்றார். சிரிப்பு. கிளார்க்கும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

முத்துச்செல்வி நோட்டை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். பேருந்து வசதி கோரியது குறித்துப் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தது.

முப்பது வருசம் தாள் சுமந்தவளுக்கு அந்தச் சொல் தெரியும். பரிசீலிக்கலாம் என்று எழுதின தாள் ஒன்றுகூட அடியிலிருந்து மேலே வந்து நான் பார்த்ததில்லை. இதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“பரிசீலிக்கலாம் வேணாம்ணே. எந்தப் பஸ்ஸு, காலைல எத்தனை மணி, சாயங்காலம் எத்தனை மணி, எங்கன வந்து திரும்பணும், எப்ப இருந்து நின்னு போச்சு. எல்லாத்தையும் எழுதுங்க. நான் சொல்றேன்.”

சொன்னாள். எழுதினார். மறுபடி வாசித்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் சரி என்றார்கள், ஓசி பஸ் என்றவர் உட்பட. அந்த வரிக்குக் கீழே யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டபோது, பின்னால் இருந்து அவளுடைய அப்பா எழுந்து வந்தார். மகளைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிளார்க்கிடம் மட்டும் சொன்னார். “இதோட நகல எம் மககிட்டயே குடுத்துருங்க. டிப்போவுக்கு நானும் கூடப் போறேன்.”

தீபாவளி கழித்துக் காலைப் பஸ் வந்தது. சாயந்திரப் பஸ் வரவில்லை. குடியரசு தினத்து சபையில் அதையும் கேட்டார்கள். அந்தத் தரம் கேட்டது முத்துச்செல்வி இல்லை, கொத்து வெட்டுகிற அந்தப் பெண். சித்திரைக்குள் அதுவும் வந்தது. அவள் மகள் மறுபடி காலேஜுக்கு வந்தாள். முத்துச்செல்வி பட்டம் வாங்கி இப்போது பி.எட். படிக்கிறாள். எல்லா ஊருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. பதினோரு பேரில் நாலு பேர் போன ஊரில் சபையே கூடவில்லை. அதையும் வகுப்பில் எழுந்து சொன்னார்கள்.

அடுத்த வருசத்திலிருந்து நம் காலேஜில் கொடியேற்றம் ஏழரை மணிக்கு. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடலாம். கிராம சபை நாட்களைப் பரீட்சைத் தேதி மாதிரி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். ஒட்டுவது உங்கள் வேலை. பசை கொஞ்சம் தாராளமாகத் தடவுங்கள், இந்தக் காற்றுக்கு நிற்காது.

பெரியவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஆபீஸ்காரர் லீவுத் தாள் ஒரு நாள் பொறுக்கும். முகம் பார்த்து வையுங்கள். ஆனால் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைக் கேட்டு எழுதின தாள் வந்தால், அதற்கு வேறு சட்டம். அது திட்டு வாங்க வேண்டிய தாளாக இருந்தாலும் மேலேயே வையுங்கள். திட்டை அவர்கள் வாங்கட்டும். கேட்டு, திட்டு வாங்கி, மறுபடி கேட்கக் கற்றுக்கொள்ளத்தானே இங்கே வருகிறார்கள்? அவர்களுக்கு இரங்குகிறோம் என்று நாம் நடுவில் பதில் சொல்லிவிடக் கூடாது. ஜமீலா மேடம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானே போய்ச் சொன்னேன். “தெரியும் பேச்சியம்மா. நானும் உள்ள போயிக் கேட்டிருக்கணும்” என்றார்.

வேலையை விட்டு வந்த பிறகு ஒரு பாக்கி இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் கழிப்பறை கட்டித் திறந்து, மறுமாதமே பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கிளார்க் வழக்கம்போல் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். போட மாட்டேன், சபைக்கு வந்து போடுகிறேன் என்றேன். என்னாத்தா ஒனக்கு வந்துச்சு என்று சிரித்துவிட்டுப் போனார்.

போனேன். சாவியைக் கேட்டேன். எழுதச் சொன்னேன், எழுதுகிறவரை நின்றேன். எழுதி முடித்துவிட்டு, “நான் வாசிக்கிறேன் ஆத்தா, கேட்டுக்க” என்று நோட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

“இங்கன குடு” என்றேன்.

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். மூன்று வரிதான், ரொம்ப நேரம் ஆனது. யாரும் தாளைப் பிடுங்கவில்லை. நான் முடிக்கிறவரை ஊர் காத்திருந்தது.